தண்டோரா குரைத்த மத்தியானம்

பிப்ரவரி 9

சின்னவளுக்கு,

ஞாயித்துக்கிழமை போன்ல அப்பா இருமினார்.

எனக்குப் பைத்தியம் பிடிக்கலை. வழக்கம்போல, "தண்டோராகிட்ட போனைக் குடு, அவன் குரலைக் கேட்டாத்தான் எனக்கு அடுத்த வாரம் ஓடும்"னு சொன்னேன். நீயும் "இரு, கூப்பிடுறேன்"ன. அவன் குரைச்சான். நல்லா, தெருவுக்கே கேட்கிற மாதிரி. இங்கே ஓட்டல் சலவைக்கூடத்துல மெஷின் சத்தத்துக்கு நடுவுல ஒரு காதைப் பொத்திக்கிட்டு கேட்டுட்டு நிக்கிறேன். அந்தக் குரைப்புக்கு நடுவுல ஒரு இருமல். அப்புறம், "போதும்டா, ஊருக்கே சொல்லிட்ட"ன்னு ஒரு குரல்.

அது அப்பா குரல். அவர் அக்டோபர்ல போயிட்டார். நான் வந்து மண்ணு போட்டுட்டுத் திரும்பினேன்.

நீ உடனே போனை வச்சுட்ட. திரும்பப் போட்டா "சார்ஜ் இல்லக்கா"ங்கிற. மெஷின்ல இருந்து வர்ற வெள்ளை விரிப்பெல்லாம் கையில சுடச்சுட இருக்கு, நான் மடிக்காம அப்படியே பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். பக்கத்துல மடிச்சுக்கிட்டு இருந்தவ "என்னக்கா, பேயைப் பார்த்தியா"ன்னா. கேட்டேன்னு சொன்னேன்.

அன்னைக்கு ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சேன். அப்பா போனப்ப நான் அங்கே இருந்த நாள் பூரா அவனைக் கண்ணுல காட்டலை. "வீடு நிறைய ஆளுங்க, மிரண்டு போவான், நாய் விடுதியில விட்டிருக்கேன்"ன. நம்பினேன். அதுக்கப்புறம் படமா அனுப்புற. படம் பழசா புதுசான்னு எனக்கு எப்படித் தெரியும்?

மழையில சாக்கடை ஓரமா நடுங்கிட்டு இருந்ததைப் புடவைத் தலைப்புல சுத்தித் தூக்கிட்டு வந்தவ நான். வேலை கிடைச்சு இங்கே வரும்போது, ஹாஸ்டல்ல நாய்க்கு இடமில்லைன்னு உன்னை நம்பி விட்டுட்டு வந்தேன். அவன் செத்துட்டான்னா செத்துட்டான்னு சொல்லு. அழுதுட்டுப் போறேன். செத்தவன் குரலை வாராவாரம் எனக்குப் போட்டுக் காட்டாதே.

பதிலைக் கையால எழுதி அனுப்பு. இனிமே போன் வேண்டாம். போன்ல நீ யாரை வேணா பேச வைப்ப.

பெரியவ


பிப்ரவரி 15

அக்கா,

அவன் சாகலை. இதை எழுதும்போது என் கால்மேல தலையை வச்சுப் படுத்திருக்கான். சொன்னா நம்ப மாட்ட, அதான் அவன் முடியைக் கொஞ்சம் கத்தரிச்சு ஒட்டியிருக்கேன். அவன் வாசனை உனக்குத் தெரியும்.

ஆனா அவனுக்குக் குரல் இல்ல. ஆபரேஷன் பண்ணிட்டேன்.

படிக்கிறதை நிறுத்திடாதே. கருத்தடை பண்ணினோம்னு உன்கிட்ட சொன்னேனே, அது பொய் இல்ல. அதுவும் பண்ணினது. ஒரே மயக்கத்துல ரெண்டையும் முடிச்சுட்டாங்க. தொண்டையில குரல் வர்ற மடிப்பு இருக்குல்ல, அதுல வாய் வழியாவே கொஞ்சம் சதையை வெட்டி எடுத்துடுவாங்க. வெளியில தையல்கூடக் கிடையாது. அன்னைக்குச் சாயந்திரமே வீட்டுக்கு வந்துட்டான். இப்பவும் குரைக்கிறான். காத்து மட்டும் வரும்.

நீ போனதுல இருந்து வாசக்கதவையே பார்த்துக்கிட்டு நாள் பூரா குரைச்சான்கா. லிஃப்ட் சத்தம் கேட்டா நீதான்னு நினைச்சுக் குரைப்பான். கீழ்வீட்டு நர்ஸ் ராத்திரி டியூட்டி பார்த்துட்டுப் பகல்ல தூங்குறவங்க. மேல ஏறி வந்து கத்திட்டுப் போனாங்க. வீட்டுக்காரர், "நாயா, வீடா, நீயே முடிவு பண்ணிக்கோ"ன்னுட்டார். நெஞ்சு வீங்கி மூச்சுக்கு அல்லாடுற அப்பாவை வச்சுக்கிட்டு நான் எந்தத் தெருவுல வீடு தேடுவேன்? டாக்டரைக் கேட்டேன். பழக்கிப் பார்க்கலாம், மாத்திரை குடுக்கலாம், யாருக்காவது குடுத்துடலாம், இல்லைன்னா இதுன்னாங்க. யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு நீ சத்தியம் வாங்கிட்டுப் போன. அப்ப எனக்கு மிச்சம் இருந்தது இதுதான்.

உன்கிட்ட சொல்லத்தான் நினைச்சேன். நீ போன் பண்ணினதும் "அவன் குரலைக் கேட்கணும்"ன. அப்பா முன்ன ஒருதடவை விளையாட்டா பதிவு பண்ணி வைக்கச் சொன்னது கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. என் பிழைப்பே காதுல மாட்டிக்கிட்டு டாக்டருங்க பேசி அனுப்புறதை டைப் அடிக்கிறது. ஒரு துண்டை வெட்டிப் போடுறது எனக்குப் பெரிய வேலையா? முதல் வாரம் போட்டேன். அடுத்த வாரம் போடாம இருக்க முடியலை. இந்தத் தடவை வெட்ட வேண்டிய இடத்துல வெட்டாம விட்டுட்டேன்.

ஒண்ணு சொல்றேன். நீ போன் பண்ணினா முதல்ல நாயைக் கேட்ப. அப்புறம் அப்பாவை. நான் எப்படி இருக்கேன்னு ஒருநாளாவது கேட்டிருக்கியா? அப்பாவுக்குக் கழுவித் துடைச்சுட்டு, நாயை நடத்திட்டு, ராத்திரி கண்ணு எரிய எரிய டைப் அடிச்சவ நான். உனக்கு வாராவாரம் குரல் வேணும். எனக்கு இந்த வீட்டுல அமைதி வேணும். அவ்வளவுதான்.

சின்னவ


பிப்ரவரி 22

முடி வந்துச்சு. அவன் வாசனைதான். தலையணைக்கு அடியில வச்சிருக்கேன். உன் கடிதத்தை எங்கே வைக்கிறதுன்னுதான் தெரியலை.

வாயில்லா ஜீவன்னு எல்லா மிருகத்தையும் சொல்றோம். இவனுக்கு வாய் இருந்துச்சு. அதனாலதான் அப்பா அவனுக்குத் தண்டோரான்னு பேர் வச்சார். பால்காரன் வந்தாச் சொல்லுவான், மழை வந்தாச் சொல்லுவான், அப்பா தண்ணி டம்ளரைத் தட்டிவிட்டா ஓடி வந்து சொல்லுவான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாதும்பாங்க. நீ ஊரை விட்டுட்டு அவன் வாயை மூடியிருக்க.

நீ எழுதினதை அப்படியே முழுங்கிடுவேன்னு நினைச்சியா? கீழ்வீட்டு நர்ஸுக்குப் போன் போட்டேன். "ஆமாம்மா, ஒருதடவை சண்டை போட்டேன், மனசு கேக்காம மறுநாளே மன்னிப்புக் கேட்டுட்டு காதுல வைக்கிற பஞ்சு வாங்கிட்டேன்"ன்னாங்க. வீட்டுக்காரர் எங்கேயோ மகன் வீட்டுல இருக்காராம், உன்கிட்ட பேசி ஒரு வருஷம் ஆச்சாம். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறது இதுதான். சத்தம் யாருக்கு இடைஞ்சல்? காதுல மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கிற உனக்கு.

அப்புறம் டாக்டரம்மாவுக்குப் போட்டேன். அவனுக்குச் சொத்தைப் பல் எடுத்தவங்க, வயித்துல கட்டி எடுத்தவங்க, நம்ம டாக்டரம்மா. அவங்க சொன்னதைச் சொல்றேன், கேட்டுக்கோ. "ஆகஸ்ட்ல உங்க தங்கச்சி வந்து கேட்டாங்க. நான் மாட்டேன்னுட்டேன். கருத்தடை பண்றோம், பல்லு பிடுங்குறோம், கட்டி எடுக்குறோம், முட்டியில சவ்வு அறுந்தா சரி பண்றோம், காலே போனாலும் எடுத்துட்டு உசுரக் காப்பாத்துறோம். எல்லாம் அதோட நல்லதுக்கு. குரைக்கிறது நோய் இல்லம்மா, அதை வெட்டச் சொல்றது உங்க வசதிக்குன்னு சொல்லி அனுப்பிட்டேன். செப்டம்பர்ல தடுப்பூசிக்குக் கூட்டிட்டு வந்தாங்க. வாயைத் திறந்தான், சத்தம் வரலை. வேற எங்கேயோ போய் முடிச்சுட்டாங்கன்னு புரிஞ்சுது."

செப்டம்பர்லயே அவனுக்குக் குரல் இல்லை. அப்பா போனது அக்டோபர்.

அன்னைக்கு வாசல்ல அத்தனை பேர் முன்னாடி என் தோள்ல சாஞ்சுக்கிட்டு என்ன சொன்ன? "தண்டோரா விடாம குரைச்சான்கா, ஓடிப் போய்ப் பார்த்தேன், அப்பா தலையை மடியில வச்சுக்கிட்டேன், பெரியவ நல்லா இருக்கணும்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினார்"ன. அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் இங்கே எழுந்து வேலைக்குப் போறேன். அவர் போறதுக்குள்ள எனக்கு வர முடியலை, நீயாவது பக்கத்துல இருந்தியேன்னு, உன்னைக் கும்பிடாத குறைதான்.

குரல் இல்லாத நாய் எப்படிக் குரைச்சுது?

அந்த மத்தியானம் என்ன நடந்துச்சுன்னு எழுது. நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்ட, சரி. அறுத்தது எவ்வளவு ஆழம்னாவது எனக்குத் தெரியணும்.


பிப்ரவரி 27

அக்கா,

நாலு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன்.

அவன் குரைக்கலை. அப்பா எதுவும் சொல்லலை. அவர் போகும்போது நான் பக்கத்துல இல்லை.

உள்ரூம்ல உட்கார்ந்து டைப் அடிச்சுக்கிட்டு இருந்தேன். யாரோ ஒரு டாக்டர், மெஷின் மாதிரி கடகடன்னு பேசுறவர், ஒவ்வொரு வரியையும் திருப்பித் திருப்பிக் கேட்க வேண்டியிருந்துச்சு. கதவைச் சாத்தியிருந்தேன், இல்லைன்னா தண்டோரா வந்து மடியில மூக்கை நுழைப்பான். அப்பா முன்னறையில கட்டில்ல தூங்கிக்கிட்டு இருந்தார். அவருக்கு மணி வச்சிருந்தேன், தலைமாட்டுல. கை எட்டாம போயிருக்கும்.

கதவு ஆடுச்சு. அது எனக்குத் தெரிஞ்சுதுக்கா. சுரண்டுறான், வெளியே போகணும் போலன்னு நினைச்சேன். "இருடா, வர்றேன்"னு சொன்னேன். மறுபடி ஆடுச்சு. உடம்பாலயே வந்து மோதியிருக்கான். "சும்மா இருக்க மாட்டியா"ன்னு கோபமாக் கத்திட்டு, சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வச்சுக்கிட்டேன். அந்த ரிப்போர்ட்டை முடிச்சு அனுப்பிட்டுத்தான் எழுந்தேன்.

கதவைத் திறந்தா கீழ்ப்பக்கமெல்லாம் கோடு கோடா கீறல். நகம் உடைஞ்சு ரத்தம். அவன் என்னைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடினான். கழுத்து நரம்பெல்லாம் புடைச்சு நிக்குது, உடம்பு பூரா குலுங்குது, சத்தம் மட்டும் இல்லை. அப்பா கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவுல தரையில கிடந்தார். கை இன்னும் சூடா இருந்துச்சு. அந்தச் சூடுதான்கா என்னைத் தூங்க விட மாட்டேங்குது. ஜில்லுன்னு இருந்திருந்தா என்னமோன்னு மனசைத் தேத்தியிருப்பேன்.

வந்த டாக்டர், "எப்படியும் தப்பியிருக்க மாட்டார்"னு சொன்னார். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வாங்க. இந்த மாதிரி வார்த்தையை எத்தனை டைப் அடிச்சிருக்கேன்.

நர்ஸைப் பத்தியும் வீட்டுக்காரரைப் பத்தியும் எழுதினது பொய்தான். சத்தம் எனக்குத்தான் தாங்கலை. வேலை போயிடும்னு பயம். அப்பா மருந்து, சாப்பாடு எல்லாம் அந்தக் காதுல மாட்டுற மெஷின்லதான் ஓடுச்சு. உன்கிட்ட "முடியலை"ன்னு சொல்லியிருக்கலாம். சொன்னா, "சின்னவளுக்கு எதுவும் முடியாது"ன்னு நீ சொல்லிடுவியேன்னு வாயை அடக்கிக்கிட்டேன்.

அன்னைக்கு வாசல்ல நீ வந்து நின்னப்ப உன் முகத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னா நீ அங்கேயே விழுந்துடுவியோன்னு தோணுச்சு. ஒரு பொய்யைச் சொன்னேன். நீ அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்ட. அப்புறம் எப்படிப் பிடுங்குறது?

நீ என்ன வேணா பண்ணு. அவனை மட்டும் கேட்காதே. அந்த மத்தியானம் இந்த வீட்டுல என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சது எனக்கும் அவனுக்கும்தான்.


மார்ச் 3
(சாப்பாட்டு மேஜைமேல, டம்ளருக்கு அடியில)

காலை ரயில்ல வந்தேன். நீ கடைக்குப் போயிருக்கிறதா நர்ஸம்மா சொல்லிச் சாவி குடுத்தாங்க. அவன் என்னைப் பார்த்ததும் தரையில புரண்டு எழுந்து முன்காலைத் தூக்கி மார்மேல வச்சான். வாயைத் திறந்தான். இனிமே எழுத என்ன இருக்கு?

உள்ரூம் கதவையும் பார்த்தேன். பெயின்ட் அடிச்சிருக்க. கீறல் தெரியுது.

நீ வர்றதுக்குள்ள கிளம்புறேன். உன் முகத்தைப் பார்த்தா அழுதுடுவேன். அழுதா நீ கட்டிப் பிடிப்ப. அப்புறம் எல்லாம் சரியாயிடும். எனக்கு இது சரியாக வேண்டாம்.

ஹாஸ்டலை விட்டுட்டு வீடு பிடிச்சுட்டேன். என் நாயைக் கூட்டிட்டுப் போறேன். தேடி வராதே. போன் பண்ணாதே.


மார்ச் 3, சாயந்திரம்

அக்கா, கோபத்தை அப்புறம் வச்சுக்கோ. இதை முதல்ல படி. உன் போன் என் நம்பரை எடுக்க மாட்டேங்குது. ஓட்டலுக்குப் போட்டா லீவுங்கிறாங்க. உன் புது வீட்டு வாசல் நம்பர்கூட எனக்குத் தெரியாது, அதனால ஓட்டல் விலாசத்துக்கே கூரியர்ல அனுப்புறேன்.

ஆணியில தொங்கின கழுத்துப் பட்டையைக் காணோம். அதை அவனுக்கு மாட்டாதே. மாட்டியிருந்தா உடனே கழட்டு. மார்ல போடுற பட்டை கதவுக்குப் பின்னாடி இருந்துச்சு, அதைத்தான் நான் போடுவேன். வெட்டின இடத்துல தழும்பு வளர்ந்து மூச்சுப் போற வழியை அடைச்சுக்கிட்டு வருது. ஜனவரியில இருந்தே கர்ரு கர்ருன்னு இழுக்கிறான். போன வாரம் டாக்டரம்மாகிட்ட போய், திட்டெல்லாம் வாங்கிக்கிட்டு, காலைப் பிடிக்காத குறையா கேட்டேன். கழுத்து வழியாத் திறந்து அந்தத் தழும்பை எடுத்துடலாம்னு வர்ற புதன்கிழமைக்கு நாள் குறிச்சிருந்தாங்க. இது உனக்குத் தெரியாது. நான் சொல்லலை. சொன்னா, "பார், இன்னொரு வினை"ன்னு நீ சொல்லுவியோன்னு பயந்தேன்.

வெயில்ல நடத்தாதே. துள்ள விடாதே. நாக்கு நீலமா மாறினா ஈரத்துணியைப் போட்டு, பக்கத்துல எந்த நாய் டாக்டர் இருந்தாலும் தூக்கிட்டு ஓடு. சாப்பாட்டைத் தட்டுல வச்சா அவசர அவசரமா முழுங்கிப் புரை ஏறும். ஊற வச்சு, கொஞ்சம் கொஞ்சமா உள்ளங்கையில வச்சு ஊட்டணும்.

திருடி மாதிரி வந்து எடுத்துட்டுப் போயிட்ட. நான் பேச யோக்கியதை இல்லாதவதான். ஆனா அவனைக் கொன்னுடாதே.

சின்னவ


மார்ச் 10

சின்னவளுக்கு,

உன் கடிதம் ஓட்டல்ல கிடந்து, லீவு முடிஞ்சு போன அன்னைக்குத்தான் என் கைக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடியே நடக்க வேண்டியது நடந்துடுச்சு.

இங்கே வந்த மறுநாள் சாயந்திரம் நடத்திக் கூட்டிட்டுப் போனேன். அந்தக் கழுத்துப் பட்டைதான். ஒரு பூனையைப் பார்த்துத் துள்ளினான், நான் பட்டையைப் பிடிச்சு இழுத்தேன். நடுத்தெருவுல சரிஞ்சு விழுந்தான். நாக்கு நீலம். என்ன ஏதுன்னு எனக்கு ஒண்ணும் தெரியலை. ஒரு ஆட்டோக்காரர் தூக்கிப் போட்டுக்கிட்டு ஓட்டினார். இங்கே இருக்கிற டாக்டர் வாயைத் திறந்து பார்த்துட்டு, "இதை யார்மா பண்ணினது"ன்னு கேட்டார். என் தங்கச்சின்னு சொல்ல வாய் வரலை. எங்க வீட்டுலதான்னு சொன்னேன்.

ராத்திரியே கழுத்தைத் திறந்து அந்தத் தழும்பை எடுத்தாங்க. பிழைச்சுட்டான். மூச்சு இப்ப தடையில்லாம போகுது. குரல் திரும்ப வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார், அதுக்கு ஆசைப்படாதீங்கன்னார்.

கழுத்துப் பட்டையை மாட்டினது நான்தான். அதை நீ எனக்குச் சொல்ல வேண்டாம். எனக்கே தெரியும். ஆனா சொல்லாம விட்டவ நீ. ஒவ்வொண்ணையும் என்னைக் கண்கலங்க விடக் கூடாதுன்னு மறைச்சு மறைச்சு, கடைசியில அவன் உசுரையே என் கையால எடுக்க வச்சிருப்ப. அப்பா விஷயத்தை என்னால ஜீரணிக்க முடியலை. முடியும்னும் தோணலை. நீ சொன்ன அந்த வார்த்தை பொய்யாப் போனதுல இருந்து, அவர் எனக்கு ஒரு வார்த்தையும் சொல்லாமப் போன மாதிரி இருக்கு. நீ என்கிட்ட இருந்து எடுத்தது அதுதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஆபரேஷன் முடிஞ்சதுல இருந்து அவன் சாப்பிடலை. தட்டுல வச்சேன், கிண்ணத்துல வச்சேன், நீ எழுதின மாதிரி ஊற வச்சு உள்ளங்கையில வச்சு நீட்டினேன். முகர்ந்து பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்கிறான். நான் வீட்டுக்குள்ள வந்தா வாலை ஆட்டுறான், இல்லைன்னு சொல்லலை. ஆட்டிட்டு எனக்குப் பின்னாடி வாசலைப் பார்க்கிறான். வேற யாரோ வரணும்ங்கிற மாதிரி. மழையில இருந்து தூக்கிட்டு வந்தது நான். அவன் தொண்டையை வெட்டினவளைத் தேடுறான். இதுவும் எனக்கு நடந்த துரோகம்தான், யார்கிட்டப் போய்ச் சொல்றது?

உள்ளே ஏதாவது போகலைன்னா தையல் ஆறாது, உடம்பு தாங்காதுன்னு டாக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டார்.

இதைக் கூரியர்ல அனுப்புறேன், கைக்கு வந்த அன்னைக்கே ராத்திரி ரயில்ல வா. விலாசம் பின்பக்கம் இருக்கு. மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்கிட்டு வராதே, மன்னிக்கலை. கதவைத் திறப்பேன், பேச மாட்டேன். நீயும் பேசாதே. நேரா அவன் பக்கத்துல போய் உட்கார்ந்து ஊட்டு. அவன் சாப்பிட்டு முடிக்கட்டும். நீ இருக்கிறதா போறதான்னு அதுக்கப்புறம் சொல்றேன்.

அக்கா